ஏற்றத்தில் இழுக்காது, காலையில் ஸ்டார்ட் ஆகாது: மலைநாட்டு பைக்கில் பெற்றோல் கோளாறு பிடிப்பது

எங்கள் பக்கத்தில் பைக் நின்றால் முதலில் பழி சுமப்பது, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றர்தான். ஹட்டனோ பண்டாரவளையோ, எந்தக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனாலும், பைக்கை ஸ்டாண்டில் போடுவதற்குள் "காபரேற்றரைக் கழற்றிக் கழுவணும் தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். கழுவினால் சில சமயம் சரியாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் பிழை இருப்பது அதற்கு மேலே, டேங்க் மூடியில் தொடங்கி காபரேற்றர் கிண்ணம் (காபரேற்றரின் அடியில் பெற்றோல் தேங்கும் இடம்) வரை பெற்றோல் இறங்கி வரும் அந்தச் சின்ன வழியில். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் பெற்றோல் வரும் வழியிலேயே மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள். அது முடியும்வரை காபரேற்றரில் உள்ள எந்த செட்டிங் ஸ்குரூவையும் தொடாதீர்கள். நன்றாக இருந்த செட்டிங்கைக் கலைத்துவிட்டால் ஒரு பிழை இரண்டாகிவிடும், பிறகு எது பழையது, எது நாம் புதிதாக உண்டாக்கியது என்றே தெரியாது.

இங்கே சொல்வது 100 முதல் 150 சீசீ வரையான காபரேற்றர் பைக்குகளுக்கு. சீடி 100, பிளாட்டினா, டிஸ்கவர், ஸ்பிளெண்டர், பழைய சீடி 125 என்று தோட்டத்து றோட்டுகளில் ஓடுவது பெரும்பாலும் இவைதான். காபரேற்றருக்குப் பதிலாக, பம்ப் தள்ளும் பெற்றோலை இன்ஜெக்டர் பீச்சும் இன்ஜெக்ஷன் பைக்குகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

வேலை தொடங்க முன் ஒரு விஷயம். பெற்றோல் எரிவதற்குத் தீ அதைத் தொட வேண்டியதில்லை, அதன் ஆவி போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். லயத்து வாசலில், உள்ளே விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கிண்ணத்தைத் திறந்து பெற்றோலை வடிய விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வெளியே, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரமாக, எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் போனில் இருக்கும் லைட் போதும், குப்பி விளக்கு வேண்டாம். சிகரெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

முதலில், இது பெற்றோல் பிழைதானா?

எஞ்சினுக்குள் பொறி விழ வைக்கும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை கிக் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத பைக்கில் பிளக் நுனி காய்ந்து கிடந்தால் பெற்றோல் எஞ்சினுக்குள் வரவில்லை. நனைந்து பெற்றோல் மணத்தோடு வந்தால் பெற்றோல் வருகிறது, ஒன்றில் அளவுக்கு மேல் வருகிறது அல்லது கரண்ட் இல்லை. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் இரும்பில் ஒட்டப் பிடித்துக் கிக் அடித்து, நீல நிறத்தில் பளிச்சென்று பொறி விழுகிறதா என்று பாருங்கள். பிளக் ஓட்டையில் இருந்து பெற்றோல் ஆவி பீறிடும் என்பதால் பிளக்கை அதற்குத் தள்ளிப் பிடிக்க வேண்டும். பொறி இல்லையென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வயரிங்கைப் பாருங்கள். மழைக்காலத்தில், முக்கியமாகக் கினிகத்தேனை, நோட்டன் பக்கத்து மழையில், பிளக் கேப்புக்குள் தண்ணீர் போய்ப் பைக் நிற்பதை எத்தனையோ பேர் பெற்றோல் பிழை என்று நினைத்துக் காபரேற்றரைக் கழற்றுகிறார்கள்.

ஓடிய பைக்கின் பிளக் வேறு கதை சொல்லும். நுனி பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட, காற்று குறைவு. வெள்ளையாகச் சுட்டது போல் இருந்தால் பெற்றோல் குறைவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

காலையில் ஸ்டார்ட் ஆகவே ஆகாது

டெப் (டேங்கின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குழாய்) திறந்திருக்கிறதா, ரிசேவில் போட்டால் வருகிறதா, டேங்கில் உண்மையிலேயே பெற்றோல் இருக்கிறதா என்பதில் இருந்து தொடங்குங்கள். சிரிக்க வேண்டாம். டேங்க் நடுக் கம்பிக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள். டெப் இருப்பது பெரும்பாலும் இடது பக்கத்தில். பெற்றோல் குறைந்த பிறகு வலது பக்கத்தில் தேங்கியிருப்பது தானாக இந்தப் பக்கம் வராது. பைக்கை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது இந்தப் பக்கம் ஊற்றும், பெற்றோல் செட் வரைக்கும் போகக் காணும். அதே போல, டெப் டேங்கின் பின்பக்கத்தில் இருக்கும் பைக்கில் பெற்றோல் குறைவாக இருந்தால் நீண்ட இறக்கத்தில் பெற்றோல் முன்னால் ஓடிப்போய் எஞ்சின் விக்கும், சமமான இடம் வந்ததும் சரியாகிவிடும். இது பிழையே இல்லை, பெற்றோல் அடிக்கச் சொல்லும் அறிவித்தல்.

அடுத்தது ஓட்டம். காபரேற்றருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி ஒரு தெளிந்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் விட்டு டெப்பைத் திறவுங்கள். நூல் அறுந்தாற்போல் இல்லாமல் தொடர்ந்து ஓட வேண்டும். சொட்டினால் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஓட்டம் கூடினால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. திறந்தும் சொட்டினால் டெப்புக்கு மேலே நிற்கும் வலை அடைத்திருக்கிறது, அல்லது ட்யூப் மடிந்திருக்கிறது. சில பைக்குகளிலும் நிறைய ஸ்கூட்டர்களிலும் டெப் எஞ்சின் உறிஞ்சினால்தான் திறக்கும், அதைச் சும்மா திறந்து வைத்துவிட்டு "வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள், கிக் அடித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டம் நன்றாக இருந்தால் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடியுங்கள். ஒன்றும் வராவிட்டால், கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட் உயர்ந்ததும் பெற்றோல் வழியை மூடும் ஃப்ளோட் நீடில் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். நாள்கணக்காக நின்ற பைக்கில் இது வழக்கம், ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் பல நேரம் விழுந்துவிடும். பெற்றோல் வந்தால் கிளாசைக் கொஞ்சம் அசையாமல் வைத்துப் பாருங்கள். பெற்றோல் தண்ணீரைவிட லேசு, தண்ணீர் இருந்தால் அடியில் குமிழ் குமிழாகத் தனியே நிற்கும். இந்த ஊரில் அது நிற்கும். காரணம் கீழே.

எல்லாம் சரி, பெற்றோல் கிண்ணத்தில் இருக்கிறது, பொறியும் இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குளிர். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லில் பனி உறையும் காலைகளில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. குளிரில் பெற்றோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை முழுதாகப் போட்டு, எக்சிலேற்றரைத் தொடாமல் கிக் அடியுங்கள். எக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டே அடித்தால் சோக் போட்டதன் பயன் போய்விடும். சோக் கேபிள் உண்மையில் காபரேற்றரில் அசைகிறதா என்பதையும் கண்ணால் பாருங்கள், ஹாண்டிலில் லீவர் அசைவது மட்டும் போதாது. மாறாக, அடித்து அடித்துப் பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தால் எஞ்சின் மூழ்கிவிட்டது. சோக்கை எடுத்து, டெப்பை மூடி, எக்சிலேற்றரை முழுதாகத் திறந்து வைத்துக் கிக் அடித்தால் காற்று போய் உலர்ந்து பிடிக்கும். பிறகு டெப்பைத் திறக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டவுனுக்குப் போகும் பாதி வழியில் அடுத்த அறிகுறிக்கு வந்துவிடுவீர்கள்.

கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், சற்று நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும்

இதுதான் ஆளைப் பைத்தியமாக்கும் பிழை. கராஜுக்குப் போகும்போது பைக் நல்ல பிள்ளையாக ஓடும், மெக்கானிக் பாஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்பார், வீடு திரும்பும் வழியில் நிற்கும்.

கிண்ணத்தில் இருக்கும் பெற்றோலை மட்டும் வைத்து ஒரு சிறிய பைக் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் ஓடும், ஏற்றத்தில் அதைவிடக் குறைவு. ஆகவே மேலிருந்து வரவு மெதுவாக இருந்தால் முதலில் நன்றாகத்தான் ஓடும், கிண்ணம் வற்றியதும் விக்கி நிற்கும், நின்ற நேரத்தில் கிண்ணம் மெல்ல நிரம்பித் திரும்பப் புறப்படும். நின்ற உடனே, வேறு எதையும் தொடாமல், டேங்க் மூடியைத் திறவுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் பிழை கையில் கிடைத்துவிட்டது. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போகாவிட்டால் டேங்க் பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியின் ஓட்டையில் அழுக்கு இருக்கும், மூடியைச் சுற்றி மெழுகும் தூசியும் கட்டியிருக்கும், மழைக்குப் பயந்து மூடிக்கு மேல் பொலித்தீன் உறை போட்டு இறுக்கிக் கட்டியவர்களும் உண்டு. மண்குளவி இந்த மாதிரிச் சின்ன ஓட்டைகளைத் தேடிப் பிடித்து மண் அப்பும், இரண்டு வாரம் நிறுத்தி வைத்த பைக்கில் கீழே தொங்கும் வடிகால் ட்யூப்களையும் பார்த்துவிடுங்கள்.

மூடி சரியென்றால் டெப் வலை, அதற்குப் பிறகு நடுவில் யாராவது போட்ட பெற்றோல் ஃபில்டர். கார்களுக்கு வரும் ஃபில்டரை வாங்கிப் பைக்கில் போட்டிருப்பார்கள், அது பம்ப் தள்ளும் பெற்றோலுக்குச் செய்தது. நம் பைக்கில் பெற்றோல் தன் பாரத்தில் மட்டுமே இறங்குகிறது, அந்தத் தடித்த தாளைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. ஃபில்டர் போடுவதானால் பைக்குக்கென்று வரும் வலை ஃபில்டர், அம்புக்குறி காபரேற்றரைப் பார்த்தபடி. ட்யூபும் நடுவில் மேடு கட்டாமல் சரிந்தே போக வேண்டும், மேட்டில் காற்றுக் குமிழ் உட்கார்ந்து வழியை மறிக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நானுஓயா, அம்பேவெல பக்கத்தில் மூடுபனிக்குள் மட்டும் நிற்கிறதா? மூடியைத் திறந்தாலும் வித்தியாசம் இல்லையா? அப்படியானால் காபரேற்றருக்குள் ஐஸ் கட்டியிருக்கக்கூடும். பெற்றோல் ஆவியாகும்போது தன்னைச் சுற்றிய உலோகத்தைக் குளிர்விக்கும். வெளியே குளிரும் ஈரமும் சேர்ந்திருந்தால், வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகாமலே, காற்றில் உள்ள ஈரம் உள்ளே ஐஸாகப் படியும். ஸ்லோ (எக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் மெதுவாக ஓடுவது) நிற்காது, எக்சிலேற்றர் ஒட்டும், கடைசியில் எஞ்சின் அணையும். பத்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூடு ஏறி ஐஸ் உருகிவிடும், கழற்றிப் பார்த்தால் எதுவும் இருக்காது. நின்ற உடனே காபரேற்றரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், ஐஸ் போல் குளிர்ந்து வியர்த்திருந்தால் சந்தேகம் பலமாகும். இதற்குக் கழுவுவது மருந்தில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் புறப்படுவதும், நீண்ட தூரம் எக்சிலேற்றரைப் பாதிக்கும் கீழே வைத்து ஓட்டாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுவதும்தான் செய்யக்கூடியது.

ஏற்றத்தில் இழுக்கவில்லை

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே பாதிக் காரணம் பைக்கில் இல்லை, மலையில் இருக்கிறது.

அவிசாவளையில் நன்றாக ஓடிய பைக் ஹட்டன், தலவாக்கலை தாண்டி நானுஓயா, நுவரெலியா என்று ஏற ஏறச் சோம்பும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்தளவு குறைந்த காற்றைத்தான் எடுக்கிறது, பலமும் ஏறத்தாழ அந்தளவு குறையும். காற்று குறைந்த அதே விகிதத்தில் காபரேற்றர் பெற்றோலைக் குறைப்பதும் இல்லை. பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டை அதே ஓட்டைதானே. அதனால் கலவையில் பெற்றோல் கூடும், பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் வாய் கறுக்கும், ஸ்லோ தடுமாறும். இது எல்லாக் காபரேற்றர் பைக்குக்கும் உள்ளது, உங்கள் பைக்குக்கு மட்டும் வந்த வியாதி அல்ல.

இதற்கு என்ன செய்வது என்றால், பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். முழுதாக முறுக்கும்போது வேலை செய்யும் மெயின் ஜெட்டை ஒரு எண் சின்னதாக மாற்றலாம், காபரேற்றருக்குள் தொங்கும் ஜெட் நீடிலின் (ஃப்ளோட் நீடில் அல்ல) கிளிப்பை ஒரு படி மேலே போட்டால் நீடில் கீழிறங்கிப் பெற்றோல் குறையும். வருடம் முழுவதும் நுவரெலியாவுக்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் ஓடுபவருக்கு அது நல்லது, கரி குறையும், செலவும் கொஞ்சம் குறையும். ஆனால் போன பலம் திரும்ப வராது, இல்லாத காற்றை ஜெட் கொண்டுவராது. வாரக் கடைசியில் கொழும்புக்கு இறங்குகிற ஆளாக இருந்தால் அதே ஜெட் கீழே போனதும் பெற்றோல் போதாமல் எஞ்சினைச் சூடாக்கும், மோசமானால் பிஸ்டனில் கை வைக்கும். இழுவைதான் வேண்டுமென்றால் முன் ஸ்ப்ரொக்கட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்துப் போடுவது உயரத்துக்காக ஜெட் மாற்றுவதைவிடப் பல மடங்கு பயன் தரும். பின்னால் லீக்ஸ் மூட்டையும் அதன் மேல் மச்சானையும் ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் டாப் கியரில் போக நினைப்பவருக்கு எந்த ஜெட்டும் உதவாது.

எயார் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் மலைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தோட்டத்து மண் றோட்டின் தூசி சிலிண்டரைத் தின்றுவிடும்.

சரி, மலையால் வந்த சோம்பல் மெல்ல, உயரத்தோடு கூடும். திடீரென்று வந்தால், அல்லது முந்தாநாள் ஏறிய அதே ஏற்றத்தில் இன்று ஏறவில்லையென்றால், அது பிழை. முதலில் சத்தத்தைக் கேளுங்கள். எஞ்சின் கத்துகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது, பெற்றோலோடு சம்பந்தமில்லை. எஞ்சினே கத்தவில்லை, முறுக்கினால் "ம்ம்" என்று அடங்குகிறது என்றால் தொடருங்கள். பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான். அப்புறம் சோக் முழுதாக விலகுகிறதா, எயார் ஃபில்டர் எப்படி இருக்கிறது. தாள் ஃபில்டர் இந்த ஈரத்தில் நனைந்து தூசியோடு சேர்ந்து அட்டையாகிவிடும், அதை ஊதிப் பயனில்லை, மாற்றுங்கள். பஞ்சு ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு எஞ்சின் ஒயில் எங்கும் பூசி நன்றாகப் பிழிந்து போட வேண்டும். மலையில் முழுதாகக் காய்வதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு அடுப்புக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

ஃபில்டர் நல்லது, பிளக் வெள்ளை, முழுதாக முறுக்கும்போதுதான் விக்குகிறது, கொஞ்சம் குறைத்தால் ஓடுகிறது என்றால் மெயின் ஜெட் அடைத்திருக்கிறது அல்லது பெற்றோல் வரவு போதவில்லை. மேலே சொன்ன போத்தல் சோதனையைத் திரும்பச் செய்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடுக்கு மேல் ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) உள்ள காபரேற்றர் என்றால், பல்சர் போன்றவற்றில் அதுதான், பாதிக்கு மேல் எஞ்சின் ஏறவே மறுத்தால் மேல் மூடியைக் கழற்றி டயஃப்ரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கிழிசல் பாருங்கள்.

ஜெட்டைச் சுத்தம் செய்வது பற்றி ஒன்று. கம்பியோ ஊசியோ விடாதீர்கள். பித்தளை மெது, ஒரு கீறல் போதும், ஓட்டை பெரிதாகிப் பெற்றோல் குடிக்கத் தொடங்கும். காபரேற்றர் கிளீனர் அடித்து ஊற விட்டுக் காற்று அடியுங்கள், பிடிவாதமாக இருந்தால் மெல்லிய தூண்டில் நைலோன் நூலை விடுங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஸ்லோ நிற்காது

முறுக்கினால் ஓடும், விட்டால் அணையும். பெரும்பாலும் ஸ்லோ ஜெட். மெயின் ஜெட்டைவிட அதன் ஓட்டை மிகச் சிறியது, அதனால் அடைப்பது அதுதான் முதலில். நாள்கணக்காக நின்ற பைக்கில் பெற்றோல் வற்றி வார்னிஷ் மாதிரிப் படிந்து இதை மூடிவிடும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் எத்தனையோ பைக்குகள் மாதக்கணக்கில் வாசலில் நின்றன, கேனில் சேர்த்து வைத்த பழைய பெற்றோலும் பிறகு அதே டேங்க்குகளில்தான் ஊற்றப்பட்டது. அந்த வருடம் ஸ்லோ ஜெட் கழுவிய கைகள் மணம் போக நாளாகியிருக்கும். நீண்ட காலம் பைக்கை நிறுத்துவதானால் டெப்பை மூடிக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், இந்த வேலை வராது.

ஸ்லோ ஏறி இறங்கி அலைந்தால், அல்லது எக்சிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே தணியாமல் கத்திக்கொண்டு நின்றால், காற்று கள்ளமாக நுழைகிறது. காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். ஸ்லோவில் ஓட விட்டு அந்த இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் எஞ்சின் சத்தம் மாறும், அந்த இடம்தான்.

இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்லோ கலவையைத் திருத்தும் ஸ்குரூ. முதலில் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டு வாருங்கள். ஸ்குரூ எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் பெற்றோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் கூடும். இது தெரியாமல் திருகுவதால்தான் பாதிப் பைக்குகள் கெடுகின்றன. சூடான எஞ்சினில் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, எஞ்சின் உயர்ந்து சீராக ஓடும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஸ்லோ வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்குரூவைக் குறையுங்கள். மலைக்கென்று செலவில்லாமல் செய்யக்கூடிய லேசான திருத்தமும் இதுதான், கீழே இறங்கினால் திரும்பக் கொண்டுவரவும் முடியும்.

பெற்றோல் ஒழுகுகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். டெப்பை உடனே மூடுங்கள். கிண்ணத்தில் இருந்து வரும் வடிகால் ட்யூப் வழியே ஒழுகினால் ஃப்ளோட் நீடில் மூடவில்லை. ஒரு மண் துணுக்காக இருக்கலாம், தட்டிப் பாருங்கள், கிண்ணத்தை ஒருமுறை வடித்து நிரப்புங்கள். திரும்ப ஒழுகினால் நீடிலைக் கழற்றி ரப்பர் நுனியில் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், விழுந்திருந்தால் புதிது. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை விழுந்து பெற்றோல் ஏறியிருக்கிறது.

எல்லாம் நல்லதாக இருந்தும் இரவில் மட்டும் ஒழுகினால் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். லயத்துக்குப் போகும் படிக்கட்டு ஓரச் சரிவில் பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் ஃப்ளோட் சரிந்து நீடில் மூடாமல் போகும். சமமான இடம் இல்லாத ஊரில் டெப்பை மூடிவிட்டுப் போவதுதான் வழி.

ஒழுகிய பெற்றோல் எப்போதும் வெளியே வராது. வடிகால் அடைத்திருந்தால் அது எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் குச்சியை எடுத்து மணந்து பாருங்கள், அளவு ஏறியிருந்து பெற்றோல் மணமும் இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஒயில் மாற்றிவிட்டுத்தான்.

இறக்கத்தில் சைலன்சர் வெடிக்கிறது

முதலில் ஒரு கேள்வி: இறக்கத்தில் சாவியை மூடிவிட்டு ஓட்டுகிறீர்களா? பெற்றோல் மிச்சம் என்று பலர் செய்கிறார்கள். கியரில் உருளும் எஞ்சின் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பொறி இல்லாததால் அது எரியாமல் சைலன்சரில் சேரும், கீழே வந்து சாவியைப் போட்டதும் ஒரே வெடி. நியூட்ரலில் போட்டு அணைத்து வந்தால் எஞ்சின் பிரேக்கே இல்லை, எல்லப் பக்கத்து இறக்கத்தில் பிரேக் சூடாகிக் கைவிட்டால் மிச்சம் பிடித்த பெற்றோல் எதற்கும் உதவாது. சாவி போட்டே ஓட்டியும் மெல்லப் பட்பட் என்றால் சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் காஸ்கட் போயிருக்கும், அல்லது ஸ்லோ கலவையில் பெற்றோல் குறைவு.

டேங்கில் தண்ணீர், துரு

அரை டேங்கோடு குளிர் இரவில் நிற்கும் பைக்கின் டேங்க் உள்சுவரில் ஈரம் வியர்க்கும். அது பெற்றோலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து, டெப் அடியில்தான் முதலில் நிற்கும். துருவும் அங்கேயே தொடங்கும். மூடி ரப்பர் தேய்ந்திருந்தால் மழையும் இறங்கும். டேங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடமில்லை. டெப் அடியில் கிண்ணம் உள்ள பைக் என்றால் மழைக்காலத்தில் இடைக்கிடை கழற்றி ஊற்றுங்கள். கிளாசில் செம்மண் நிறத் தூள் வந்தால் துரு, டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் காபரேற்றரை மட்டும் கழுவினால் அடுத்த வாரம் திரும்ப அதே வேலை.

கடையில் போத்தலில் வாங்கிய பெற்றோலில் சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடங்களில் கறையில்லாமல் பறந்துவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் மண்ணெண்ணெயோ வேறு எதுவோ கலந்திருக்கிறது. பிழை தீர 95 ஒக்டேன் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. இந்தச் சிறிய எஞ்சின்களுக்கு 92 போதும், அடைத்த ஜெட்டை 95 திறக்காது.

இன்ஜெக்ஷன் பைக் என்றால்

உயரத்துக்கு ஏற்றபடி பெற்றோலை அதுவே குறைத்துக்கொள்ளும், அதனால் உயரத்தில் கலவை கெடும் கதை இதற்கில்லை, காற்று குறைவதால் பலம் குறைவது மட்டும் இதற்கும் உண்டு. சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி "ஊஊ" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் ஹாண்டிலில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச், பியூஸ், பற்றரி என்ற வரிசையில் பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கியிருந்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் பழைய வித்தை பெரும்பாலும் பலிக்காது, பம்புக்கே கரண்ட் இல்லை. ட்யூபைப் பிடுங்கி ஓட்டம் பார்க்கும் சோதனையை இதில் செய்யவே கூடாது, உள்ளே அழுத்தம் இருக்கிறது, பெற்றோல் முகத்தில் பீச்சும். டேங்கை அடிவரை வற்ற விட்டு ஓட்டுவதையும் நிறுத்துங்கள், பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் விட்டு விட்டு மின்னினால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பல பைக்குகளில் நீண்ட மின்னல் எத்தனை, குட்டை மின்னல் எத்தனை என்பதில்தான் பிழையின் எண் இருக்கிறது, கராஜுக்குப் போகும்போது லைட் அணைந்திருந்தாலும் பாஸுக்கு அந்த வீடியோவைக் காட்டினால் தேவையில்லாமல் இன்ஜெக்டரைக் கழற்ற மாட்டார்.